பவுடர் ப்ளூ டேங் வளர்ப்போருக்கு ஒரு குறிப்பு
இலங்கை, மாலத்தீவு உள்ளிட்ட இந்தியப் பெருங்கடல் பவளப்பாறைகளில் பகல் முழுதும் பாசியைக் கொறித்துத் திரியும் பவுடர் ப்ளூ டேங் மீனுக்கு, வீட்டு உப்புநீர்த் தொட்டியில் ஒருவேளைத் தீனி போதாது. உப்போ எண்ணெயோ சேராத நோரி கடற்பாசித் தாளில் உள்ளங்கை அகலத் துண்டொன்றைக் கிளிப்பில் செருகிக் கண்ணாடியின் உட்புறம் காலையிலேயே பொருத்திவிட்டால், மீன் வந்து வந்து அதைக் கிழித்துத் தின்னும். மாலையில் எஞ்சியதை எடுத்துவிட வேண்டும், இல்லையெனில் அது அழுகி நைட்ரேட்டைக் கூட்டும்.

வாங்கும்போது அந்த நீலத்தில் மயங்காமல் வயிற்றைப் பாருங்கள். அது உட்குழிந்திருந்தால், கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். வெண்புள்ளி நோய் இம்மீனை மிக எளிதில் பற்றுவதால், குறைந்தது 4 வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றுவது நல்லது. செம்பு கலந்த மருந்து தேவைப்பட்டால் அதையும் தனித்தொட்டியிலேயே கொடுங்கள். பவளங்களும் இறால்களும் செம்பைத் தாங்கா.

சுமார் 23 செ.மீ. வளர்ந்து ஓயாமல் நீந்தும் இதற்கு 500 லிட்டர் தொட்டியே என் கணக்கில் குறைந்தபட்சம். வாலடியில் இருபுறமும் உள்ள கூர்முள் வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால், பிடிப்பதற்குப் பிளாஸ்டிக் டப்பாவே ஏற்றது.