வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கூட்டாளிகள்

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடத்தைவிடக் கூட்டாளிகள் கிடைப்பதுதான் பெரிய பாடு. பள்ளிப் பிள்ளைகள் சாயங்காலம்தான் வீடு திரும்புவார்கள்; அதனால் பகலில் படிப்பு, ஐந்து மணிக்கு மேல் தெரு என்று நேரத்தை மாற்றுங்கள். தருமபுரியில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். முதல் வாரம் என் மகள் திண்ணையை விட்டு இறங்கவே இல்லை. ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தேன். அது உருண்டு சாக்கடையில் விழ, எடுக்க நாலு பேர் ஓடிவந்தார்கள். இப்போது அவளைத் தேடி வாசலுக்கே வருகிறார்கள்.

அதே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் நட்பு ஒட்டும். நூலகமோ சிலம்ப வகுப்போ, வாரம் தவறாமல் அதே நாள், அதே நேரம் போங்கள். அருங்காட்சியகத்தில் நடுகல் பார்க்க, கோடையில் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போக, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கேட்டுக் கூட்டிப்போங்கள்.