டூயல் பூட்: பார்ட்டிஷன் பிரிக்கும்போது சறுக்கும் இடங்கள்

512 ஜிபி என்று பெட்டியில் போட்டிருக்கும் லேப்டாப்பை விண்டோஸில் திறந்து பார்த்தால் 476 ஜிபிதான் இருக்கும். தயாரிப்பாளர் 1000 வீதம் எண்ணுகிறார், விண்டோஸ் 1024 வீதம் எண்ணுகிறது. எதுவும் திருடு போகவில்லை. ஒரே கணினியில் விண்டோஸோடு லினக்ஸையும் வைத்துக்கொள்வதுதான் டூயல் பூட்; அதற்காக டிஸ்க்கைத் தனித்தனிப் பகுதிகளாக, அதாவது பார்ட்டிஷன்களாகப் பிரித்து லினக்ஸுக்கு இடம் ஒதுக்குபவர் கணக்கை அந்த 476இல் தொடங்க வேண்டும்.

அளவை எல்லோரும் யோசிக்கிறார்கள். வரிசையைப் பார்ப்பவர்கள் குறைவு. புது லேப்டாப்பில் பெரும்பாலும் முதலில் சின்னதாக, கணினியைத் தொடங்கும் பூட் கோப்புகள் இருக்கும் ஒரு இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன், பிறகு சி டிரைவ், கடைசியில் விண்டோஸைச் சரிசெய்ய உதவும் ரெகவரி பார்ட்டிஷன். சி டிரைவைச் சுருக்கினால் அதன் வலப்புறம் காலியிடம் கிடைக்கும். அங்கேதான் லினக்ஸ் குடியேறும். ஒரு வருடம் கழித்து சி டிரைவ் நிரம்பினால்? வலப்பக்கம் ஒட்டினாற்போல் காலியிடம் இருந்தால்தான் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் அதை நீட்டும். அங்கே லினக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. அதன் தொடக்கத்தை நகர்த்துவதென்றால் உள்ளே இருப்பதையெல்லாம் பெயர்த்து எழுத வேண்டும். மணிக்கணக்கில் ஓடும் அந்த வேலையின் நடுவே மின்சாரம் போனால் தரவு தப்புவது சந்தேகம். சி டிரைவுக்கு முதலிலேயே தாராளமாக விடுங்கள்.

லினக்ஸ் பக்கமும் இதே தொல்லை உண்டு. முதன்முறை ரூட்டுக்கு (லினக்ஸ் அமைப்பே இருக்கும் இடம்) 20 ஜிபி, மீதியெல்லாம் ஹோமுக்கு (நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) என்று பிரித்துவிட்டுப் பெருமையாக இருந்தேன். டாக்கர் இமேஜ்களும் (செயலிகளைத் தேவையானவற்றோடு கட்டிவைத்த பொதிகள்) உபுண்டுவின் ஸ்னாப் செயலிகளும் ரூட்டில்தான் இறங்கும் என்பது அது நிரம்பிய அன்றுதான் உறைத்தது. பக்கத்து ஹோமில் 90 ஜிபி சும்மா கிடந்தது. சின்ன டிஸ்க்கில் இரண்டையும் பிரிக்காமல் விடுவதே மேல் என்பது என் கட்சி. ரேமைப் போல் இரு மடங்கு ஸ்வாப் பார்ட்டிஷன் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) என்ற பழைய சூத்திரமும் வேண்டாம். 2017 முதல் உபுண்டு இயல்பாகவே ஸ்வாப்பைக் கோப்பாக வைத்துக்கொள்கிறது.

சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருந்தும் சில ஜிபிதான் சுருக்க முடியும் என்று விண்டோஸ் சொல்வதுண்டு. ஹைபர்னேஷன் கோப்பு (கணினி உறங்கும்போது ரேமில் இருப்பதைச் சேமிப்பது), பேஜ் கோப்பு (விண்டோஸின் ஸ்வாப்) போன்ற நகராத கோப்புகள் நடுவில் குந்தியிருப்பதே காரணம். அவற்றைத் தற்காலிகமாக அணைத்து, கணினியை மறுபடி தொடங்கிச் சுருக்குங்கள். ஹைபர்னேஷனை அணைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போய்விடும்; போகட்டும், திரும்ப இயக்காதீர்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை, அரைத் தூக்கத்தில்தான் கிடக்கிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டுமே விடும். வலுக்கட்டாயமாக எழுதினால் கோப்புகள் கெடும்.

டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பாருங்கள். அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதாமல் பார்ட்டிஷனில் கை வைப்பது அசட்டுத் துணிச்சல்.

இன்ஸ்டாலரில் இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனுக்கு எதிரே ஃபார்மட் என்ற கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் விண்டோஸின் பூட் கோப்புகள் அழிந்துவிடும். 100 எம்பிதானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம்.

பிறகொரு நாள் லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால், எடுத்த எடுப்பில் அதன் பார்ட்டிஷனை அழித்துவிடாதீர்கள். அடுத்த முறை கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் கிரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) என்ற சொல்லும் துடிக்கும் கர்சரும்தான் நிற்கும். முதலில் பயாஸின் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றிவிட்டு, விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு அழியுங்கள்.