ஜிபிஎஸ் வாட்ச்: தாமிரபரணிக்குள் ஓடியவன் எழுதும் செய்முறை

வாட்ச் வாங்கிய மறுநாள் விடியற்காலையில் வண்ணார்பேட்டையிலிருந்து சுலோச்சன முதலியார் பாலம் வழியாகத் திருநெல்வேலி ஜங்ஷன் வரை ஓடினேன். வீட்டுக்கு வந்து மேப்பைப் பார்த்தால், பாலத்தை விட்டுவிட்டு ஆற்றுத் தண்ணீருக்குள் ஓடியிருக்கிறேன்! முதல் அரை கிலோமீட்டர் கணக்கிலேயே இல்லை. வாட்ச் பழுது என்று கடைக்குக் கிளம்பினேன். தப்பு என்னுடையது.

இன்னும் வாங்காதவர்கள் கடையில் ஒன்று கேளுங்கள்: "அண்ணாச்சி, ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கா, போன்ல இருந்து எடுக்குமா?" விலை குறைந்த பலவற்றில் இரண்டாவது வகைதான், போனையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்புறம், பட்டன் உள்ளதாக வாங்குங்கள். நம்ம ஊர் வேர்வையில் தொடுதிரை சொன்ன பேச்சைக் கேட்காது.

1. முந்தின நாள் இரவே சார்ஜ் போட்டு, போன் ஆப்போடு ஒருமுறை சிங்க் செய்யுங்கள். அடுத்த சில நாட்களுக்குச் செயற்கைக்கோள்கள் எங்கெங்கே இருக்கும் என்ற கணக்கு அப்போதுதான் வாட்சுக்குள் இறங்கும்.

2. நான் சறுக்கிய இடம் இதுதான். கேட்டைத் திறக்கும்போதே ஸ்டார்ட்டை அமுக்கிவிட்டேன். அப்படிச் செய்யாதீர்கள். வானம் தெரிகிற இடத்துக்கு வந்து, 'ஓட்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சிக்னல் வேண்டும். மூன்று இடத்தைச் சொல்லும், நான்காவது வாட்ச் கடிகாரத்தின் பிசகைச் சரிசெய்யும். சிங்க் செய்யாத வாட்ச், ஒவ்வொன்றின் பாதை விவரத்தையும் வானத்திலிருந்தே வாங்க வேண்டும். அதற்கு விடாமல் அரை நிமிடமாவது கேட்க வேண்டும். நடுவில் மாடிக் கட்டடம் மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் சிக்னல் கிடைத்ததாகக் காட்டிய பிறகும் நான் ஒரு நிமிடம் நிற்கிறேன். கணுக்காலைச் சுழற்ற அந்த நேரம் சரியாக இருக்கிறது.

3. செட்டிங்ஸில் 'எல்லாச் செயற்கைக்கோள்களும்', 'ஒவ்வொரு நொடியும் பதிவு' இரண்டையும் போடுங்கள். பேட்டரி கொஞ்சம் குறையும், குறையட்டும்.

4. மலைப்பக்கம் போனால், கிளம்பும் இடத்திலேயே பதிவைத் தொடங்குங்கள். திரும்பும்போது 'வந்த வழியே திரும்பு' என்பதைத் தொட்டால் போதும். பாபநாசத்தில் அகஸ்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம் போகும்போது முதல்முறை இதைப் பழகினேன். போன் டவர் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். வாட்ச் வானத்திலிருந்து கேட்கத்தான் செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை. அடர்ந்த மரநிழலில், வாட்ச் திரையில் வழி காட்டும் கோடு சில மீட்டர் விலகும். கோட்டை நம்பிப் பாறையில் கால் வைக்காதீர்கள். வனத்துறை அனுமதி, நேரம் எல்லாம் தனியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: "நின்றால், திரையில் திசை காட்டும் அம்புக்குறி பம்பரமாகச் சுற்றுகிறதே" என்று இரண்டு பேர் கேட்டார்கள். திசைமானி இல்லாத வாட்சுக்கு நடந்தால்தான் திசை தெரியும். பத்தடி நடந்து பாருங்கள். திசைமானி உள்ளதென்றால் கையை எட்டு போடுவதுபோல் சுழற்றிச் சரிசெய்யுங்கள்.

இன்னொருவர், பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் ஒரு சுற்று 400 மீட்டருக்கு மேல் காட்டுவதாகக் குறைபட்டார். வளைவில் ஜிபிஎஸ் கொஞ்சம் உளறும், உண்மைதான்; 'டிராக்' மோடு இருந்தால் அதைப் போடுங்கள். ஆனால் தம்பி, எந்த லேனில் ஓடினீர்கள்? 400 என்பது முதல் லேனுக்குத்தான். எட்டாவது லேனில் சுற்றினால் 453 மீட்டர் வரும்.