ஹோம்ஸ்டே வெளிப்படிக்கட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானலில் எங்கள் பக்கத்துத் தெருத் தம்பி, ஏப்ரல் சீசனுக்குள் மாடியை ஹோம்ஸ்டேயாக மாற்றிவிடப் பரபரக்கிறார். போன வாரம் பார்த்தால், வெளிப்படிக்கட்டின் அடியில் டைல்ஸ் பெட்டிகள் இறங்கியிருந்தன. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. உடைந்த படியைப் பூச வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

படியின் மேல் டைல்ஸ் ஏற்றுவது

வழுக்கும் டைல்ஸைச் சொல்லவில்லை. எங்கள் ஹோம்ஸ்டே படிக்கு நான் வாங்கியது சொரசொரப்பானதுதான். எல்லாப் படியும் 6 அங்குல உயரம். கலவையும் டைல்ஸுமாக ஒன்றரை அங்குலம் ஏறியது. "எல்லாத்துக்கும் ஒரே கனம்தானே சார், ஒண்ணும் ஆகாது" என்றார் கொத்தனார். நடுப்படிகளுக்கு அது சரி. ஆனால் கீழே முற்றத்தையும் மேலே வாசல் தளத்தையும் நாங்கள் தொடவில்லையே! அடிப்படி ஏழரை அங்குலம் ஆனது, மேலே கடைசி ஏற்றம் நாலரைக்குச் சுருங்கியது.

ஏழரை தனியாகப் பார்த்தால் தப்பில்லை. வீட்டுப் படிக்கு 19 செ.மீ. (ஏறக்குறைய ஏழரை அங்குலம்) உயரம் வரை தேசியக் கட்டட விதித்தொகுப்பே அனுமதிக்கிறது. ஆறு அங்குலப் படிகளின் வரிசையில் ஒரு ஏழரை வந்ததுதான் வினை. நாலு படி இறங்கியதும் கால் அளவைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எங்களுக்கோ ஏறி இறங்கிப் பழகிவிட்டது. முதல் மாதமே, விடிகாலையில் பையோடு இறங்கிய ஓர் அம்மா, தரை வந்துவிட்டதென்று காலை ஊன்றப்போய் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. 'பார்த்து இறங்கியிருக்கலாம்' என்று அப்போது மனதுக்குள் முணுமுணுத்தேன். டேப் வைத்து அளந்த பிறகு வெட்கமாகப் போனது.

முற்றத்தை உயர்த்திவிடலாம். மேல் தளத்தை உயர்த்தினால் கதவு இடிக்கும், மழைத்தண்ணீர் உள்ளே வரும். கடைசியில் எல்லாவற்றையும் பெயர்த்தோம். போட்ட கூலியைவிடப் பெயர்த்த கூலி அதிகம். இன்னும் ஆறவில்லை எனக்கு.

டைல்ஸ் வாங்குவதற்கு முன்பே ஒவ்வொரு படியையும் தனித்தனியாக அளந்து எழுதிவையுங்கள். முதல் படி, கடைசிப் படி இரண்டுக்கும் முடிந்த பிறகு என்ன உயரம் வரும் என்று கொத்தனாரிடம் கேளுங்கள். தயங்கினால் வேலையை நிறுத்துங்கள்.

பாசிமேல் பெயின்ட்

உரிந்து வரும், பாசியோடு. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றித் தேய்த்துக் கழுவினால் போகும். ஆனால் படியில் வாட்டம் இல்லாமல் தண்ணீர் நின்றால் அடுத்த மழைக்கே திரும்ப வந்துவிடும்.

கைப்பிடி

சுவர்ப் பூச்சில் மட்டும் திருகியது கைப்பிடியே இல்லை.

'படி கவனம்' போர்டு

இருட்டில் யார் படிப்பது? விளக்கைப் போடுங்கள்.