வீல்சேர்ல போய் தடுப்பூசி போட்டுக்கறது எப்படி

நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல டிடி ஊசியும் நாய்க்கடி ஊசியும் இலவசம்தான், ஆனா வீல்சேர்ல இருக்கற நிறைய பேர் "அங்க போய் யாரு அல்லாடறது"ன்னு தள்ளிப்போட்டுட்டே இருக்காங்க. தள்ளிப்போடாதீங்க ப்ளீஸ். படுக்கைப்புண், உணர்ச்சி இல்லாத கால்ல நமக்கே தெரியாம படற காயம் இதெல்லாம் நமக்குத்தான் அதிகம், அதனால டெட்டனஸுக்கான டிடி ஊசி 10 வருஷத்துக்கு ஒருமுறை கண்டிப்பா போட்டிருக்கணும்.

முதல்ல போன் பண்ணுங்க. "வீல்சேர் வர முடியுமா"ன்னு கேட்டா எல்லாரும் "தாராளமா வாங்க"ன்னுதான் சொல்லுவாங்க, அங்க போய் பார்த்தா மூணு படி இருக்கும். வாசல்ல எத்தனை படி, ராம்ப் இருந்தா அது மேல பைக் நிறுத்தறாங்களா, ஊசி போடற ரூம் கீழயா மாடியா, இப்படி ஒண்ணொண்ணா கேளுங்க. அந்தப் பக்கம் போற யாராவது தெரிஞ்சவங்க இருந்தா வாசலையும் ரூம் கதவையும் போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடச் சொல்லுங்க, அது இன்னும் நல்லது. ராம்ப்னா 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்கணும், கடமைக்குன்னு நாலடியில சிமெண்ட் பூசி வச்சிருந்தா தனியா ஏறாதீங்க, இறங்கும்போதும் பின்னாடி ஒருத்தர் பிடிச்சுக்க, சேரை பின்பக்கமா இறக்கச் சொல்லுங்க. புதன்கிழமை குழந்தைகளுக்கு ஊசி போடற நாள், கூட்டமா இருக்கும், வேற நாள்ல போடுவாங்களான்னும் அதே போன்ல கேட்டுடுங்க.

படி மட்டும்தான் இருக்குன்னா "நாலு பேர் சேர்ந்து சேரோட தூக்கிடறோம்"பாங்க. பாசமாத்தான் சொல்றாங்க, ஆனா ஆர்ம்ரெஸ்ட்டையோ ஃபுட்ரெஸ்ட்டையோ பிடிச்சு தூக்கினா அது கையோட கழண்டு வந்துடும், விழறது நாமதான். வேண்டாம்னு சொல்லிட்டு, சிஸ்டரை வெளிய வந்து போடச் சொல்லிக் கேளுங்க, நிழலா ஒரு இடமும் போட்ட பிறகு அரை மணி நேரம் யாராவது கண்ல படற மாதிரி உட்காரவும் வழி பண்ணச் சொல்லுங்க. இதுல கூச்சப்பட எதுவுமே இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 25வது பிரிவுல ஆஸ்பத்திரிக்குள்ள தடையில்லாம போக வழியும், சிகிச்சையில முன்னுரிமையும் தரணும்னு இருக்கு, அரசு ஆஸ்பத்திரி தனியார் ரெண்டுக்கும் சேர்த்துத்தான் தடையில்லா வழின்னு சொல்லியிருக்கு. சீட்டு போடற இடத்துலயே அடையாள அட்டையைக் காட்டி முன்னுரிமை கேளுங்க.

எந்தக் கையில போடறதுங்கறதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. நடக்கறவங்களுக்கு கை வலிச்சா ரெண்டு நாள் பையைத் தூக்காம இருந்துக்கலாம், நமக்கு சக்கரம் தள்றதும் கட்டிலுக்கு மாறறதும் அதே தோள்தான். அதனால மாறும்போது எந்தக் கையில அதிகமா ஊனறீங்களோ அதை விட்டுட்டு மத்த கையைக் காட்டுங்க, பேட்டரி சேர்னா ஜாய்ஸ்டிக் பிடிக்காத கை. வலி பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேலதான் ஏறும், ராத்திரி கட்டிலுக்கு மாற ஒரு ஆள் இருக்கற மாதிரி பார்த்துக்குங்க. போலியோ மாதிரி காரணத்தால தோள் தசை ரொம்ப மெலிஞ்சிருந்தா சிஸ்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, தொடையோட வெளிப்பக்கம் போடலாமான்னு அவங்க பார்ப்பாங்க. தொடையில போட்டா, அங்க உணர்ச்சி இல்லேன்னா வீக்கமோ சிவப்போ இருக்கான்னு கண்ணால பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும், ராத்திரி ஒரு தடவை காலையில ஒரு தடவை பாருங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க அதையும் சொல்லணும், ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காம ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிச்சா போதும்.

நாய்க்கடின்னா இந்த நாள் பார்க்கற வேலையே வேண்டாம், அன்னிக்கே போங்க. தெருநாய் சக்கரத்தைத் துரத்தும்போது கால்ல பல்லு பட்டிருந்தாலும் நமக்குத் தெரியாது, வீட்டுக்கு வந்ததும் பேன்ட்டைத் தூக்கி ரெண்டு காலையும் பாருங்க, கீறல் இருந்தா சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டுக் கிளம்புங்க. தோலுக்குள்ள போடற முறைன்னா 0, 3, 7, 28ம் நாள்னு நாலு தடவை போகணும், ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் ரெண்டு கையிலயும் போடுவாங்க, அதனால அன்னிக்கு சேரைத் தள்ள கூட ஒருத்தர் வந்தா நல்லது. முதல் நாளே நாலு தேதிக்கும் ஆட்டோ அண்ணன்கிட்ட பேசி வச்சுடுங்க.

வெளிய வரவே முடியாதவங்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர் சுகர் பார்க்க வீட்டுக்கு வர்ற அக்காகிட்ட சொல்லி கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் போகச் செய்யுங்க. கொரோனா சமயத்துல 2021ல வீட்டுக்கே வந்து ஊசி போட அனுமதி கொடுத்தாங்க, அதனால இது கேட்கக்கூடாத விஷயம் இல்ல.

கடைசியா காய்ச்சல். ஊசிக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் லேசா உடம்பு சுடலாம், கால் இழுப்பும் கொஞ்சம் கூடலாம். மூணாவது நாளும் காய்ச்சல் இருந்தா ஊசி மேல பழியைப் போட்டுட்டு உட்காராதீங்க, மூத்திரத் தொற்றோ புண்ணோ இருக்கலாம், டாக்டரைப் பாருங்க. நடு மார்பு மட்டத்துலயோ அதுக்கு மேலயோ தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு திடீர்னு மண்டையைப் பிளக்கற தலைவலி, முகமெல்லாம் வேர்வைன்னு வந்தா நிமிர்ந்து உட்கார வச்சு, மூத்திர டியூப் மடங்கியிருக்கா அடைச்சிருக்கான்னு உடனே பாருங்க, அடங்கலேன்னா 108.