சாடை வந்துவிட்டது, ஆள் வரவில்லை: உருவப்படத்தில் நேரும் தவறுகள்

மூக்கும் வாயும் அச்சு அசலாக வந்திருக்கும். ஆனாலும் வீட்டிலுள்ளவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னவோ குறையுது" என்பார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சாடையைப் பிடித்த கை, ஆளைத் தவறவிட்டிருக்கும்.

இதற்கு முதல் காரணம், குணத்தையும் முகபாவத்தையும் ஒன்றென்று நினைப்பது. அன்பானவர் என்றால் ஒரு புன்னகை, கண்டிப்பானவர் என்றால் நெற்றியில் இரண்டு கோடு. பாவம் வந்து போய்விடும். முகம் சும்மா இருக்கும்போது எதில் போய் நிற்கிறதோ, அதில்தான் ஆள் தெரிவார். ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1650-இல் ரோமில் வரைந்த போப் பத்தாம் இன்னொசென்ட்டின் படத்தைப் பாருங்கள். மூடிய உதடுகள், சற்றே நெருங்கிய புருவங்கள், எதிரில் இருப்பவரை எடைபோடும் கண்கள். வேறு நாடகம் எதுவும் முகத்தில் இல்லை. அப்படியும் அந்த நாற்காலிக்கு முன்னால் போய்ப் பொய் சொல்ல யாருக்கும் துணிவு வராது. உங்கள் முன் உட்காருபவரும் முதலில் 'படத்துக்கான முகம்' ஒன்றை வைத்துக்கொண்டுதான் உட்காருவார். அதை அவசரப்பட்டு வரையாதீர்கள். பேச்சுக் கொடுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த முகம் தானாகக் கழன்றுவிடும்.

அடுத்தது, எல்லாவற்றையும் கண்ணின் தலையில் கட்டுவது. ஒவ்வொரு இமைமயிரையும் வரைந்து, கருவிழியில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளி வைத்தால் உயிர் வந்துவிடும் என்று நம்புகிறோம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1628 வாக்கில் வரைந்த தன்னுருவப் படம் ஒன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கண்கள் இரண்டும் நிழலுக்குள் கிடக்கின்றன. வெளிச்சம் விழுவது கன்னத்திலும் கழுத்திலும்தான். எனக்கு மிகவும் பிடித்த படம் அது. அந்த இளைஞனின் கூச்சமும் துடிப்பும், கண்ணே சரியாகத் தெரியாமல் வந்து சேர்ந்துவிடுகின்றன.

செல்போன் செல்ஃபியை அப்படியே பார்த்து வரைவதும் ஆபத்துதான். கேமரா முகத்துக்கு மிக அருகில் இருப்பதால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கித் தெரியும். இரண்டு மீட்டராவது தள்ளி நின்று, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம் எவ்வளவோ மேல். அப்புறம், ஏறியிருக்கும் ஒரு புருவத்தையும் கோணியிருக்கும் உதட்டோரத்தையும் 'திருத்தி' விடாதீர்கள். அந்த ஆளுக்கே உரியவை அவைதான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒருவரைப் பற்றி முன்பே முடிவு கட்டிவிட்டு வரைய உட்காருவது. மெல்லிய உதடு என்றால் கஞ்சன், அகன்ற நெற்றி என்றால் அறிவாளி என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. ஒருவருடைய வேலையையும் அந்தஸ்தையும் வைத்துக் குணத்தை எழுதிவிடுவதும் அதே ரகம். வெலாஸ்கெஸ் அதே 1650-இல், அதே ரோமில், தன் உதவியாளர் ஹுவான் தே பரேகாவையும் வரைந்தார். அப்போது பரேகா அவருடைய அடிமை. படத்திலோ வெள்ளை லேஸ் கழுத்துப்பட்டியும் மடங்கிய ஒரு கையுமாக, நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிறார். பணிவும் இல்லை, பரிதாபமும் இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் வெலாஸ்கெஸ் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார், நான்கு ஆண்டு கழித்து நடப்புக்கு வரும்படி. பரேகா பிறகு தானே ஓவியரானார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்று அந்தப் படத்தின் முன் நிற்பவர்களுக்கு, பக்கத்திலுள்ள குறிப்பைப் படித்தால்தான் அவர் அடிமையாக இருந்தவர் என்பது தெரியும்.

அதனால் முதல் ஸ்கெட்ச் போடும்போது 'இவர் எப்படிப்பட்டவர்' என்ற கேள்வியை ஒதுக்கி வையுங்கள். தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றனவா, தளர்ந்து கிடக்கின்றனவா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு அதன் பிறகு வரலாம்.