‘வாயுவாக இருக்கும்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்

ஐம்பது வயது ஆண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வீடே பதறுகிறது. அதே வயதுப் பெண், “மேல் முதுகு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, குமட்டுகிறது” என்றால் ஓமத் தண்ணீர்தான் வருகிறது. முதல் தவறு மருத்துவமனை வாசலை மிதிப்பதற்கு முன்பே வீட்டில் நடந்துவிடுகிறது.

மாரடைப்பு வந்த பெண்களிடமும் அதிகம் காணப்படும் அறிகுறி நெஞ்சுவலிதான். ஆனால் அதோடு தாடை வலி, குமட்டல், காரணமில்லாத அசதி, மூச்சுத்திணறல் ஆகியவையும் சேர்ந்து வருவது பெண்களிடம் அதிகம். சிலருக்கு நெஞ்சுவலியே இருப்பதில்லை. இப்படித் திடீரென்று வந்தால் 108-ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்ப்பதே சரியான நடைமுறை. முதல் ஈசிஜி நன்றாக இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் நம்பி வீடு திரும்புவது இரண்டாவது தவறு. தொந்தரவு தொடர்ந்தால் மறுபடியும் ஈசிஜி எடுக்கச் சொல்லலாம். இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்றும் கேட்கலாம். ‘டென்ஷன்தான்’ என்ற முடிவு, பரிசோதனைகளுக்குப் பிறகு வர வேண்டியது.

மருத்துவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் படித்த அறிவியலிலேயே பெண் உடம்புக்கு இடம் குறைவாக இருந்தது. அமெரிக்காவில் 1977-இல் வந்த வழிகாட்டுதல், கருவுறக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்கி வைத்தது. 1993-இல்தான் அது மாறியது. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று ஆராய்ந்து 1989-இல் முடிவு வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் 22,071 மருத்துவர்கள் பங்கேற்றார்கள். ஒருவர்கூடப் பெண் இல்லை. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது என்பதால் அவர்களுக்கான தொடக்க அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது 2013-இல். அதற்குள் அந்த மாத்திரை சந்தைக்கு வந்து இருபது ஆண்டு ஆகியிருந்தது!

பிரசவக் கதையை மறைப்பதும் மறப்பதும் இன்னொரு தவறு. கர்ப்ப காலத்தில் உயர் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்திருந்தால் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. பிள்ளை கல்லூரிக்குப் போய்விட்டாலும் அந்தத் தகவல் பழையதாகிவிடாது. மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது மாதவிடாய் வலி. “கல்யாணமானால் சரியாகும்”, அதன்பின் “ஒரு குழந்தை பிறந்தால் சரியாகும்” என்று எத்தனை பெண்களின் இளமை கழிந்துவிட்டது! பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாமல் சுருண்டு படுக்க வைக்கும் வலி இயல்பானதல்ல. கர்ப்பப்பையின் உட்சுவரைப் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. நோய்க்குப் பெயர் தெரியவே பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோயே இல்லை என்று ஆகாது.

இதற்கு நேர் எதிரான அவசரமும் உண்டு: “குழந்தைதான் பிறந்துவிட்டதே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்.” மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கானோருக்கு இளம் வயதிலேயே கர்ப்பப்பை அகற்றப்பட்டது 2019-இல் நாட்டையே அதிரவைத்தது. மாதவிடாய்க்காக ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் என்ற நிலைதான் பலரை அங்கே தள்ளியது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. புற்றுநோயோ நிற்காத ரத்தப்போக்கோ இருந்தால் அறுவை சிகிச்சை உயிர்காக்கும். மற்றபடி மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் போன்ற வழிகளைப் பார்த்தாயிற்றா, சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப்போகிறார்களா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சினைப்பைகள் சீக்கிரம் போனால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது அவமரியாதை ஆகாது.

சோர்வை ‘வேலை அலுப்பு’ என்று தள்ளுவதைப் பற்றி ஒரு வரி போதும்: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

கடைசியாக, உடன் போகிறவர்களுக்கு. மருத்துவர் “எங்கே வலிக்கிறது?” என்று கேட்டதும் கணவரோ மாமியாரோ பதில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெண் தலையை ஆட்டுகிறார். வலி எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை மணி நேரம் இருந்தது, எந்த வேலையைச் செய்யவிடாமல் தடுத்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தாள் அவர் கையிலேயே இருக்கட்டும். அவரே படித்துச் சொல்லட்டும்.